வெளிநாட்டு ஃபாஷன் நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பயிற்சி: யாழ்ப்பாணத்திலிருந்து ஆயத்தமாவது எப்படி?

ஃபாஷன் நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு என்றதும் மேடையும் ஒளிவிளக்குகளும் நினைவுக்கு வரலாம். ஆனால் உள்ளகப் பயிற்சிக்குச் செல்பவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் சாம்பிள் பதிவேடுதான். புதிய தொகுப்பில் ஒவ்வோர் உடைக்கும் ஒன்றிரண்டு மாதிரிகளே இருக்கும். அவற்றைத்தான் சஞ்சிகைகளின் ஸ்டைலிஸ்டுகள் படப்பிடிப்புக்கு இரவல் கேட்பார்கள். எந்த உடை, என்ன அளவு, யாரிடம் போனது, எந்த இதழுக்கு, என்றைக்குத் திரும்ப வேண்டும், திரும்பியபோது பொத்தான் கழன்றிருந்ததா, கழுத்துப் பட்டியில் ஒப்பனைக் கறை படிந்திருந்ததா என்பதையெல்லாம் வரி தவறாமல் பதிவதும், காலையில் வந்துசேர வேண்டிய கோட் மதியமாகியும் வராவிட்டால் கூரியர்காரரைத் தொலைபேசியில் விடாமல் பிடிப்பதும் பயிற்சியாளரின் பொறுப்பு. ஊடகங்களில் வெளிவந்தவற்றைத் திரட்டி அறிக்கையாக்குதல், பத்திரிகையாளர் பட்டியலைப் புதுப்பித்தல், செய்திக்குறிப்பின் முதல் வரைவை எழுதுதல் ஆகியவை அதற்கடுத்தவை.

ஆகவே சுயவிபரக்கோவையில் ஃபாஷன் மீதான ஆர்வத்தை விவரிப்பதைவிட, இவ்வேலையைச் செய்யக்கூடியவர் என்பதைக் காட்டுவதே பயன் தரும். அதற்கு யாழ்ப்பாணமே போதும். நல்லூர்த் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ முன்னதாக, புதிய உடைகளைக் கொண்டுவரும் ஒரு தையலகத்தையோ சிறிய புடவைக்கடையையோ அணுகி, அவர்களுக்காக ஒரு பக்கத்துக்குள் அடங்கும் செய்திக்குறிப்பை எழுதிக் கொடுங்கள். என்ன உடை, என்ன துணி, யார் வடிவமைத்தது, விலை என்ன, எப்போது எங்கே கிடைக்கும் என்பவை முதற் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். "கண்ணைக் கவரும்", "மனதைக் கொள்ளைகொள்ளும்" போன்ற அடைமொழிகளை எந்த ஆசிரியரும் முதல் வேலையாக வெட்டிவிடுவார். அதை உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் அனுப்பி, எது வெளிவந்தது, எது வரவில்லை என்பதை அட்டவணையாக்குங்கள். இவற்றின் ஆங்கில வடிவத்தை மூன்று பக்கக் கோப்பாக விண்ணப்பத்துடன் இணைக்கலாம்.

விசாவைப் பற்றிய தெளிவு விண்ணப்பத்துக்கு முன்பே வேண்டும். பிரித்தானியாவின் வருகையாளர் விசாவில் உள்ளகப் பயிற்சி செய்ய முடியாது. அங்கே பட்டப்படிப்புக்காக மாணவர் விசாவில் சென்றவர் தவணைக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். பாடநெறியின் பகுதியாக அமையும் பயிற்சிக்குத் தனி ஏற்பாடு உண்டு. மற்றவர்களுக்கு, அரசு ஏற்றுக்கொண்ட பரிமாற்றத் திட்டமொன்றின் அனுசரணைச் சான்றிதழ் தேவை. பிரான்சில் மாணவர், கல்வி நிறுவனம், பயிற்சி தரும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் ஒப்பமிடும் உடன்படிக்கை கட்டாயம். இரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். பயிற்சி இடத்தைப் பெற்றுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் முகவரிடம், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்த கடிதத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

லண்டன் ஃபாஷன் வாரம் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் நடைபெறுவது வழக்கம். அவற்றுக்கு முந்தைய வாரங்களில் ஆட்கள் அதிகம் தேவைப்படுவர். அச்சுச் சஞ்சிகைகள் பல மாதங்கள் முன்னதாகவே இதழைத் தயாரிப்பதால், நத்தார்ப் பொருட்களைப் பத்திரிகையாளருக்குக் காட்டும் நிகழ்வுகள் அங்கே யூலையிலேயே நடக்கின்றன. விசாவுக்குச் செல்லும் காலத்தையும் கூட்டிப் பார்த்தால், செப்டெம்பருக்கான விண்ணப்பத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே அனுப்புவது பொருத்தம். அதைப் பொது முகவரிக்கு அனுப்பாமல், செய்திக்குறிப்புகளின் அடியில் காணப்படும் ஊடகத் தொடர்பு முகவரிக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவதானால் நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள்: லண்டனில் காலை 9.30 ஆகும்போது, அங்கே கோடைகாலமானால் இங்கே பிற்பகல் 2 மணி, குளிர்காலமானால் 3 மணி.

நேர்காணலுக்கு முன், அந்த நிறுவனம் நவீன அடிமைத்தனம் (கட்டாய உழைப்பு, ஆட்கடத்தல் போன்றவை) தொடர்பாக வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். ஆண்டு விற்பனை 36 மில்லியன் பவுண்களை எட்டும் நிறுவனங்கள் அதை வெளியிட வேண்டும் என்பது பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். 2013இல் பங்களாதேஷின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், உடையை யார் தைத்தார்கள் என்ற கேள்வி மக்கள் தொடர்பு அலுவலரின் மேசைக்கும் வந்துவிட்டது. ஆடை ஏற்றுமதியில் பெரிதும் தங்கியிருக்கும் நாட்டிலிருந்து, கிளிநொச்சித் தொழிற்சாலைகளுக்கு அயலவர்கள் வேலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இதைப் பற்றிப் பேசும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு. என் பார்வையில், யாழ்ப்பாணத்து விண்ணப்பதாரரின் மிகப் பெரிய பலம் இதுவே.

தங்குவதற்கு உறவினர் வீடு இருப்பது பெரிய உதவிதான். எனினும் வடமேற்கு லண்டனின் ஹரோவில் மாமா வீட்டிலிருந்து கிழக்கு லண்டனுக்குத் தினமும் போய்வரும் செலவையும் நேரத்தையும் முதலிலேயே கணக்கிடுங்கள். பயிற்சி முடியும் வாரத்தில், பொறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கடிதமொன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்குவதோடு, எந்தப் படங்களை உங்கள் கோப்பில் சேர்க்கலாம் என்பதற்கு எழுத்துமூல அனுமதியும் பெறுங்கள். வெளியீட்டுத் திகதி வராத தொகுப்பின் படம் ஒன்றுகூட உங்கள் தொலைபேசியில் இருக்கக் கூடாது.