தலைவருக்கு விமானம் வாங்கும் கோப்பில் செய்யக் கூடாத தவறுகள்

சென்ற மாதம் அரசுக் கொள்முதல் பற்றிய வகுப்பில் புதிய அலுவலர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். "முதலமைச்சருக்கு ஹெலிகாப்டர் வாங்க வேண்டும். ஒரு பக்கத்தில் தேவைக் குறிப்பு எழுதுங்கள்." இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் முதல் பத்தியிலேயே எண்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. உயரம் இத்தனை மீட்டர், வேகம் இத்தனை, இருக்கை இத்தனை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், ஏதோ ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கையேடு. தாள்களைத் திருத்தத் திருத்த என் பழைய கோப்புகளையே மறுபடி படிப்பது போல இருந்தது.

முப்பது ஆண்டுகள் நிதிப் பிரிவில் கோப்பு பார்த்தவன் நான். தேதி தவறுவது, கையெழுத்து விடுபடுவது, கூட்டல் பிழை போன்றவற்றை மேலதிகாரி பிடித்துவிடுவார். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. யாரும் பிடிக்காமல் மேசைக்கு மேசை நகர்ந்து, கடைசியில் கோடிகளை விழுங்கும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

யாரையும் கேட்காமல் எண்ணை எழுதுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

இந்தியாவின் முக்கியத் தலைவர்களுக்கான ஹெலிகாப்டர் கொள்முதலை எடுத்துக்கொள்ளுங்கள். வயதாகிவிட்ட எம்ஐ-8 ஹெலிகாப்டர்களை மாற்ற வேண்டும் என்று 1999இல் விமானப்படை சொன்னது. நியாயமான கோரிக்கை. 2002இல் டெண்டர் போனது. அதில் 6,000 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்பது கட்டாயம். சோதனைகள் முடிந்தபோது தேறியது ஒரே ஒரு ஹெலிகாப்டர், ஐரோப்பாவின் ஈசி-225.

ஒரே ஒரு ஏலதாரர்தான் மிஞ்சினார் என்பதால் 2003 நவம்பரில் பிரதமர் அலுவலகம் கூட்டம் கூட்டியது. பிரதமரும் குடியரசுத் தலைவரும் அவ்வளவு உயரத்துக்கு எப்போது போனார்கள் என்று அங்கேதான் கேள்வி வந்தது. அரிதாகத்தான் போகிறார்கள், 4,500 மீட்டர் போதும். அதோடு, ஆள் நிமிர்ந்து நிற்க அறையின் உயரம் 1.8 மீட்டர் வேண்டும் என்ற யோசனையும் வந்தது. அடுத்த மாதமே விமானப்படைத் தலைமைத் தளபதிக்குக் கடிதம் போயிற்று. இந்தக் கட்டாய நிபந்தனைகளை வகுக்கும்போது பிரதமர் அலுவலகத்தையோ பிரதமரின் பாதுகாப்புப் படையான எஸ்.பி.ஜி.யையோ கலந்துகொள்ளாதது வருத்தத்துக்குரியது என்று அந்தக் கடிதம் சொன்னது. நான்கு ஆண்டு வேலைக்குப் பிறகு, ஏறி உட்காரப் போகிறவரின் அலுவலகம் எழுதிய கடிதம் இது. அந்த ஒரு கேள்வியை 1999இலேயே கேட்டிருக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

சரி, திருத்திக்கொண்டார்கள் என்று நினைப்பீர்கள். 2006இல் புதிய டெண்டர். இப்போது 1.8 மீட்டர் அறை உயரம் கட்டாயமாகிவிட்டது. அந்த உயரம் இல்லாத ஈசி-225 வெளியே போயிற்று. முன்பு பறக்கும் உயரத்துக்கான சான்றிதழ் 4,572 மீட்டரோடு நின்றதால் போட்டிக்கே வர முடியாதிருந்த, இத்தாலியக் குழுமத்தைச் சேர்ந்த அகஸ்டாவெஸ்ட்லேண்டின் ஏடபிள்யூ-101 உள்ளே வந்தது. மூன்று நிறுவனங்கள் விலைப்புள்ளி கொடுத்தன. ஒன்று முன்வைப்புத் தொகை கட்டாமல் விலக்கப்பட்டது, ஒன்று சோதனையில் தவறியது, மறுபடியும் மிஞ்சியது ஒன்றே. ஒற்றை ஏலதாரர் நிலையைத் தவிர்க்கத் தொடங்கிய திருத்தம் இன்னொரு ஒற்றை ஏலதாரரில் வந்து நின்றது. 2013 ஆகஸ்டில் வந்த சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை இதை வரி வரியாகச் சொல்கிறது. கொள்முதல் வேலைக்கு வருகிற எவரும் அதைப் படிக்காமல் பேனா எடுக்கக் கூடாது.

2010 பிப்ரவரியில் 12 ஹெலிகாப்டர்களுக்கு ஏறத்தாழ 55.6 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம். மூன்று வந்து சேர்ந்தன. 2013இல் இத்தாலியில் லஞ்சக் குற்றச்சாட்டும் கைதும் எழுந்ததும் பணம் நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரி 1 அன்று ஒப்பந்தமே ரத்தாயிற்று. அந்த வழக்குகளுக்குள் நான் போகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. என் கவலை வேறு. நிபந்தனை எண்கள் எதற்கும் எழுத்தில் காரணம் இல்லாதபோது, அவற்றை மாற்றும் ஒவ்வொரு கையும் சந்தேகத்துக்கு இடமாகிறது. நேர்மையாக மாற்றியவரும் பத்து ஆண்டு கழித்து விசாரணைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். காரணத்தோடு எழுதப்பட்ட எண்ணுக்கு அந்த நிலை வராது.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், சிறிய அளவில். மலைப்பகுதி மருத்துவ வாகனங்களுக்கான கோப்பு. தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று எழுதினேன். மலை என்றால் கரடுமுரடு என்பது என் கற்பனை. 220 என்பது மேசையில் கிடந்த கையேட்டில் இருந்த எண். ஒரே நிறுவனம்தான் தேறியது. ஆட்சேபம் வந்தது, டெண்டர் ரத்தாயிற்று, மறு டெண்டருக்குப் பதினான்கு மாதம். அந்த இடைவெளியில் கொல்லிமலைக்குப் போனேன். பழைய வண்டியின் ஓட்டுநர், டீசல் கறை படிந்த விரலால் சாலையைக் காட்டினார். "அய்யா, தார்ச் சாலைதானே இது? எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வண்டி நீளமாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் கிடப்பார்." வண்டியின் நீளம் பற்றி என் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் அந்த மலையிலிருந்து எத்தனை பேர் எப்படி இறங்கினார்கள் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் கெடுகிறது.

ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: யார் கேட்டது, எந்தப் பயணத்துக்காக, குறைத்தால் என்ன நஷ்டம். பதில் இல்லாத எண்ணை அடித்துவிடுங்கள். என் வகுப்பில் ஒரே ஒரு பெண் தாளில் எதுவும் எழுதாமல் மேசைக்கு வந்து, "அய்யா, அவர் எங்கெல்லாம் போவார் என்ற பட்டியல் கிடைக்குமா?" என்று கேட்டார். அவருக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.

பயணப் பதிவேட்டைப் பார்க்காமல் எண்ணிக்கை கேட்பது

அதே இந்தியக் கொள்முதலில் எட்டு ஹெலிகாப்டர் போதும் என்றிருந்ததைப் பன்னிரண்டாக்கினார்கள். இருந்த ஹெலிகாப்டர்களே குறைவாகத்தான் பறந்தன என்று சிஏஜி காட்டியது. கூடுதல் நான்கின் விலை 1,240 கோடி ரூபாய்.

பழைய மதிப்பீட்டைக் கோப்பிலேயே தூங்கவிடுவது

அதே கொள்முதலுக்கு 2006 ஜனவரியில் 793 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 2008இல் பேரக் குழு அடிப்படையாக வைத்துக்கொண்டது ஏறத்தாழ 4,870 கோடி. இது ஆறு மடங்கு. நிறுவனம் கேட்ட விலையைவிடவும் அதிகம். அடிப்படை விலையே கேட்ட விலைக்கு மேலே இருந்தால் எதை வைத்துப் பேரம் பேசுவது?

ஒப்பந்தம் போட்ட பிறகு வசதி சேர்ப்பது

அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதிபருக்குப் புது ஹெலிகாப்டர் அவசரமாக வேண்டும் என்று முடிவாகி, 2005இல் ஒப்பந்தம் ஆனது. பெயர் விஎச்-71; நாம் வாங்கிய அதே ஏடபிள்யூ-101 குடும்பம்தான். 28 ஹெலிகாப்டர்களுக்கு ஏறத்தாழ 600 கோடி டாலர் என்று தொடங்கியது. தொலைத்தொடர்பு, பாதுகாப்பு, தூரம் என்று நிபந்தனைகள் கூடிக்கொண்டே போக, எடை கூடியது, வடிவமைப்பு மாறியது, மதிப்பீடு 1,300 கோடி டாலரைத் தொட்டது. 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா, இப்போதுள்ள ஹெலிகாப்டரே தனக்குப் போதுமானதாகத் தெரிகிறது என்றார். அந்த ஆண்டே திட்டம் ரத்து. கட்டி முடித்தவற்றைக் கனடா உதிரிபாகங்களுக்காக வாங்கிக்கொண்டது. அவசரம் என்று தொடங்கும் கோப்பில் தேவைகளைப் பூட்டிவைக்கும் தேதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

நிலையான விலை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்புவது

அமெரிக்க அதிபரின் விமானமான ஏர் ஃபோர்ஸ் ஒன் புதிதாக இரண்டுக்கு 2018இல் 390 கோடி டாலருக்கு நிலையான விலை ஒப்பந்தம். போயிங் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தைச் சுமந்தது. 2024இல் வர வேண்டிய விமானங்கள் வரவில்லை. விலையைப் பூட்டலாம், காலத்தைப் பூட்ட முடியாது.

ஒரு மாதிரி ஹெலிகாப்டரைச் சோதித்துவிட்டு வேறு மாதிரியை வாங்குவது

செய்யாதீர்கள்.

விற்கும் நாளை யோசிக்காமல் இருப்பது

மெக்சிகோ 2012இல் அதிபருக்காக போயிங் 787 ஒன்றை ஏறத்தாழ 21.8 கோடி டாலருக்கு வாங்கியது. சாதாரணமாக இருநூறு பேருக்கு மேல் அமரும் விமானத்தில் எண்பது இருக்கைகள், படுக்கையறை, குளியலறை. 2018இல் பதவிக்கு வந்த லோபஸ் ஓப்ரடோர் அதில் ஏற மறுத்து, விற்பனைக்கு கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். ஐ.நா. மதிப்பீடு 13 கோடி டாலர். வாங்க ஆளில்லை. விமான நிறுவனம் எதுவாயினும் உள்ளமைப்பு முழுவதையும் பிய்த்தெறிந்தால்தான் பயணிகளை ஏற்ற முடியும். அந்தச் செலவு விமானத்தின் மதிப்பைத் தின்றுவிடுகிறது. நின்ற இடத்திலும் பராமரிப்புச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. 2020இல் விமானத்தின் பெயரில் 500 பெசோ டிக்கெட்டுகளோடு லாட்டரி நடத்தினார்கள். பரிசு விமானம் அல்ல, பணம். 2023இல் தஜிகிஸ்தான் ஏறத்தாழ 9.2 கோடி டாலருக்கு வாங்கியது.

தலைவருக்கான அறையைக் கழற்றி மாற்றக்கூடிய தொகுதியாகக் கேளுங்கள். கழற்றுவதற்கான செலவையும் விலைப்புள்ளியிலேயே தனி வரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.