ஒரு ரூபாய் போட்டால் இரண்டு ரூபாய்: இணையத்தில் நாம் செய்யும் தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பழுது பார்ப்பதைவிடப் பணம் போன கதை கேட்பதுதான் அதிகம்.

போன மாதம் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் வந்தார். மாடி வீட்டை வாடகைக்கு விட இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். மறுநாளே ஒருவன் பேசினான். தான் ராணுவ அதிகாரி, வேலூருக்கு மாற்றலாகி வருகிறேன், அட்வான்ஸை இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றான். சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. "எங்கள் கணக்கு முறை வேறு சார், நீங்கள் ஒரு ரூபாய் போட்டால் இரண்டு ரூபாயாகத் திரும்பி வரும்" என்றிருக்கிறான். வந்தது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு. இவர் ஸ்கேன் செய்து, யுபிஐ பின் நம்பரைப் போட்டார். இருபதாயிரம் போனது.

"ஆர்மின்னு சொன்னாம்பா, அதான் நம்பிட்டேன்" என்றார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் கம்மவான்பேட்டை இருக்கிற வட்டாரம் இது. சீருடைக்கு இங்கே உள்ள மரியாதையை வைத்தே அவன் பிழைத்தான்.

யுபிஐயில் பணம் வாங்க, பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்கிறதென்றால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இது அவருக்கும் தெரியும். ஆனால் எதிரில் இருப்பவன் "சீக்கிரம் சார், மேலதிகாரி லைன்ல இருக்கார்" என்று விரட்டும்போது தெரிந்தது மறந்துபோகிறது. நிதானமாக இருக்க வேண்டிய இடத்தில் பதறுகிறோம். பதற வேண்டிய இடத்திலோ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். என் கடைக்கு வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆஸ்பத்திரியைச் சுற்றியே பிழைப்பு ஓடும் வேலூரில் அதன் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. "டேலி ஓடுதே, போதும்" என்பார்கள், அந்தக் கணக்கு மென்பொருளை வைத்திருக்கும் கடைக்காரர்கள். டேலி ஓடும், சரி. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை யார் அடைப்பது? காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போடும் கிராக் மென்பொருள் இன்னும் மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடு என்று அதுவே சொல்லும். திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்வது போல. ஒரு காலத்தில் நானும் போட்டுக் கொடுத்தவன்தான், மறைக்கவில்லை.

முகூர்த்த மாதம் வந்தால் இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும், கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடியும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் இருக்கும். ஏபிகே என்பது போனில் நிறுவும் செயலி. போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும் இதே சரக்கு வருகிறது. நிறுவிய கையோடு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓடிபி மோசடிக்காரனுக்குப் போய்ச் சேரும். தெரிந்தவர் நம்பரிலிருந்துதானே வந்தது என்று நம்ப வேண்டாம், அவர் போன் ஏற்கெனவே அவன் கையில் இருக்கலாம். தெரியாமல் நிறுவிவிட்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள்.

காதல், வரன் விஷயத்தில் ஏமாந்தவர்கள் கடைக்கு வந்தாலும் நேராகச் சொல்வதில்லை. "என் ஃபிரெண்டுக்கு..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். பழைய வகையில் மாப்பிள்ளை லண்டன் டாக்டர். பரிசு அனுப்பியிருப்பார், அது டெல்லி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும், 'கஸ்டம்ஸ் அதிகாரி' ஒருவர் பேசி வரி கட்டச் சொல்வார். சுங்க வரியைத் தனி ஆள் கணக்கில் யாரும் கட்டச் சொல்வதில்லை என்ற ஒன்று நினைவிருந்தால் போதும். புதிய வகையில் இந்த அவசரமே கிடையாது, அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் பேசுவார்கள், சாப்பிட்டாயா, அம்மாவுக்குச் சுகர் எப்படி என்று விசாரிப்பார்கள். அப்புறம் ஒருநாள் தாங்கள் லாபம் பார்க்கும் டிரேடிங் செயலி பற்றிப் பேச்சு வரும். பத்தாயிரம் போட்டால் பன்னிரண்டாயிரம் என்று காட்டும், முதலில் எடுக்கவும் விடும். பெரிய தொகை போட்ட பிறகு எடுக்கப் போனால் 'வரி' கேட்கும். திரையில் தெரியும் லாபம் வெறும் எழுத்துதான். வீடியோ காலில் முகம் பார்த்தேனே என்றால், முகத்தையும் இப்போது செய்து காட்டிவிட முடிகிறது. நேரில் பார்க்காதவருக்காகப் பணம் போடும் முன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். திருடிய பணம் அந்த வழியாகத்தான் போகும்; போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

பதற வேண்டிய இடம் பணம் போன பிறகுதான். அங்கேதான் மானத்துக்குப் பயந்து இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். எங்காவது நிற்கும்போது முடக்கினால்தான் மிச்சம். வங்கியிலும் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், சாட்சி அதுதான்.

கணியம்பாடிக்காரர் அரை மணி நேரத்தில் 1930-க்குப் பேசியிருந்தார். கொஞ்சம் பணம் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்ததாம். பத்து நாள் கழித்து மறுபடி கடைக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழைப்பு வந்தது: சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் முழுவதும் கிடைத்துவிட்டது, விடுவிக்க 2,500 ரூபாய் கட்ட வேண்டும், ஒரு க்யூஆர் அனுப்புகிறோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் மேசைமேல் வைத்தார்.