பொங்கல் கழிந்ததும் வரும் தள்ளுபடி: பணம் நழுவும் இடங்கள்

காணும் பொங்கல் முடிந்து நான்கு நாள் இருக்கும். வாஷிங் மெஷின் வாங்கப் போகிறோம், கூட வா என்று தம்பி கூப்பிட்டான். அவனுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம். தலைதீபாவளி, தலைப்பொங்கல் என்று அடுத்தடுத்து இரண்டு செலவைத் தாங்கிய கை. மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வாசலில் கட்டியிருந்த கரும்பு காய்ந்து போயிருந்தது, ‘தைத் திருநாள் தள்ளுபடி’ பேனர் மட்டும் புதிதாக இருந்தது. உள்ளே போன அரை மணி நேரத்துக்குள், 2023 ஜனவரியில் நான் செய்த அத்தனை தவறையும் வரிசை மாறாமல் தம்பியும் அவன் மனைவியும் செய்ய ஆரம்பித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது.

பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், தேவையா ஆசையா என்று யோசியுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டியலைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே மற்றதையும் வாங்குகிறோம்.

எந்த மாதத்தில் எது இறங்கும் என்று பாராமல் போவது

மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். அதனால் பட்டுப்புடவைக் கடைக்காரருக்குத் தை மாதத்தில் விலையைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. அவருக்கு வியாபாரமே அப்போதுதான். தை மாதம் பட்டுக்குத் தள்ளுபடி என்று எழுதியிருந்தால், எந்தப் பட்டு, எந்த வருடத்துச் சரக்கு என்று கேளுங்கள். பட்டுக்கு நியாயமாக விலை இறங்குவது ஆடியில்தான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை கல்யாணம் இல்லை, கடை காற்றாடும், பணியாட்களுக்குச் சம்பளம் மட்டும் கொடுத்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடியே அப்படித்தான் வந்தது.

பொங்கல் கழிந்து உண்மையாகவே விலை இறங்குவது பண்டிகைக்கு எடுத்து மிஞ்சிய ரெடிமேட் துணியும், போன வருட மாடல் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினும்தான். துணியில் மிஞ்சுவது என்ன சைஸ் என்று சொல்லத் தேவையில்லை. நடுத்தர சைஸ் எல்லாம் போகிக்கு முன்பே போயிருக்கும்.

செருப்பு

அரை சைஸ் சின்னதாக இருந்தால், பாதி விலையில் வாங்கினாலும் முழுதாகவே கடிக்கும்.

‘மாதம் 5,000தானே’

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். மூன்று வருடத்துக்கு மேலாகியும் எனக்கு ஆறவில்லை.

2023 ஜனவரியில் எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 18,000 ரூபாய்க்குள் என்று பேசிக்கொண்டுதான் நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். கடையில் அந்த 18,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இரட்டைக் கதவு ஒன்று நின்றது. விலை 30,000. “அக்கா, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. ஆறு மாதம், மாதம் 5,000. வட்டி ஒரு பைசா கிடையாது” என்றான் விற்பனைப் பையன். 18,000 என்பது எனக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது, 5,000 சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவுதான். எந்த ஃப்ரிட்ஜ் வேண்டும் என்ற கேள்வி, மாதம் எவ்வளவு முடியும் என்ற கேள்வியாக மாறியதை நான் கவனிக்கவே இல்லை. வட்டி, வரி எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பதற்கு முன்பே எனக்கு 12,000 ரூபாய் போய்விட்டது.

இனி அந்த ‘வட்டி ஒரு பைசா கிடையாது’. கிரெடிட் கார்டில் தவணை போட்டால் வங்கி வட்டி வாங்காமல் விடாது. எனக்குப் போட்டது ஆண்டுக்கு 15 சதவீதம். ஆறு மாதத்துக்கு வரும் வட்டியான 1,270 ரூபாயைக் கடைப் பில்லிலேயே ‘சலுகை’ என்று கழித்துவிட்டார்கள். ஆக, கார்டில் ஏறிய கடன் 28,730. அதற்கு வட்டி சேர்த்துக் கட்டினால் சரியாக 30,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. 5,000 என்று ஒரே வரியாக இருக்கும் என்று பார்த்தால், அசல் 4,641, வட்டி 359, அப்புறம் வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 65 ரூபாய் என்று மூன்று வரி. நான்காவதாகப் பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி 36. வட்டியைத்தான் கடை கழித்தது. வட்டி மேல் வரும் வரியை யாரும் கழிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு அந்த வரி மட்டும் 229 ரூபாய். கட்டணத்தோடு சேர்த்தால் 464.

சரி, 464 ரூபாய்தானே என்று விட்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா அதே கடையில் அதே ஃப்ரிட்ஜை வாங்கினார். யூபிஐயில் மொத்தமாகக் கட்டினாராம், 1,500 ரூபாய் குறைத்தார்களாம். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் கேட்கவும் இல்லை. அதையும் சேர்த்தால், செலவில்லாத அந்தத் தவணைக்கு நான் கொடுத்தது 1,964 ரூபாய். வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காமல் போன ரொக்கத் தள்ளுபடியில்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தவணை பிப்ரவரியில் தொடங்கி ஜூலை வரை. நடுவில் ஜூன் வருகிறது என்று ஜனவரியில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பள்ளிக் கட்டணத்தையும் அதே கார்டில் தேய்த்தோம். அந்த மாதம் மொத்தத்தையும் கட்ட முடியாமல், ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஸ்டேட்மென்ட்டில் இருந்ததை மட்டும் கட்டினோம். கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக வேறு இருந்தோம். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவே. மீதி முழுவதற்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக வாங்கும் நோட்டுப் புத்தகத்துக்கும், காய்கறிக்கும்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது. எங்கள் கார்டில் மாதம் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. இரண்டு மாதத்தில் 1,600 ரூபாய்க்கு மேல் போனது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் ‘நோ காஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார்.

தவணையே கூடாது என்று சொல்லவில்லை. முழுப் பணமும் கணக்கில் இருக்கிறது, ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றேதான், கடைக்குக் கிளம்பும்போது நினைத்த பொருளைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். பணம் இல்லாதவருக்காக வந்த வசதி என்கிறார்கள். உண்மையில் பணம் இருப்பவருக்குத்தான் அதில் லாபம். பில் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்றே மொத்தமாகக் கட்டினால் என்ன விலை, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, பொருளைத் திருப்பினால் அந்தக் கட்டணம் திரும்பி வருமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் ‘வராது’.

நட்சத்திரத்தை எண்ணுவது

அதே ஃப்ரிட்ஜ், இன்னொரு பாடம். மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்று ஃப்ரிட்ஜுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் கணக்கை, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2023 ஜனவரி 1 முதல் கடுமையாக்கியது. பழைய கணக்கில் 4 நட்சத்திரம் வாங்கியது புதிய கணக்கில் 3க்கு இறங்கிவிடலாம். அந்த மாதம் தள்ளுபடியில் நின்றதெல்லாம் பழைய லேபிள் சரக்கு. நான் நட்சத்திரத்தை எண்ணி மகிழ்ந்து வாங்கினேன்.

லேபிளில் நட்சத்திரத்துக்குக் கீழே, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை அந்த லேபிள் செல்லும் என்பதும் இருக்கும். அந்த இரண்டையும்தான் படிக்க வேண்டும். இலவச யூனிட் போக, கூடக்கூடக் கட்டணம் ஏறும் அடுக்குக் கணக்கு நம் தமிழ்நாட்டு மின்கட்டணம். கூடுதலாக ஓடும் யூனிட் எல்லாம் மேல் அடுக்கில் போய்த்தான் விழும். பழைய லேபிள் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். பத்து வருட யூனிட் வித்தியாசத்தைவிடத் தள்ளுபடி பெரிதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் பெரிதாக இல்லை.

டிஸ்பிளே பீஸ்

கடையில் பார்வைக்கு வைத்திருந்த பொருளை எடுத்தால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், வாரன்டி இன்றைய தேதியிலிருந்து என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கம்ப்ரஸருக்கு 10 வருடம் என்றால் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸ் நிரப்பப் பெரும்பாலும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

50 சதவீதம், எதிலிருந்து?

எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பு. அதை அச்சடிப்பது தயாரிப்பாளர். 3,999 என்று அச்சடித்துவிட்டு 1,999க்கு விற்பதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. அந்தச் சட்டை ஒருநாளாவது 3,999க்கு விற்றதா என்பதுதான் கேள்வி. ஒரு கடையில் சுடிதாரின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே ஒட்டிய சீட்டில் 1,450, அதற்கு அடியில் இருந்த பழைய சீட்டில் 1,150. தள்ளுபடி போக 1,160க்கு விற்றார்கள், அதாவது பழைய விலையைவிடப் பத்து ரூபாய் அதிகம்! அன்றிலிருந்து தீபாவளிக்குக் கடைக்குப் போகும்போதே கண்ணில் பட்டதை எல்லாம் சீட்டோடு போனில் படம் எடுத்து வைத்துவிடுகிறேன். தை மாதம் வசதியாக இருக்கும்.

இன்னொன்று. எம்ஆர்பிக்குள் எல்லா வரியும் அடக்கம். எம்ஆர்பியில் பாதி என்று பலகை வைத்துவிட்டு, பில் போடும் இடத்தில் ஜிஎஸ்டி தனி என்றால் கேள்வி கேளுங்கள். தள்ளுபடி விலையின் மேல் தனியாக வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமே சொல்லியிருக்கிறது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடிக்கலாம்.

புடவை விலை மட்டும் புடவையின் விலை இல்லை

900 ரூபாய்ப் புடவை 540க்கு. சந்தோஷம். ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும். கூட வந்த ரவிக்கைத் துணி பாலியெஸ்டர் என்றால் வேறு துணி, லைனிங் துணி, தையல் கூலி. எங்கள் தையல்கார அண்ணன் லைனிங் ரவிக்கைக்கு வாங்குவது அந்தப் புடவை விலைக்கு அருகில் வந்துவிடுகிறது. தைக்கக் கொடுக்காமல் பீரோவில் கிடக்கும் தள்ளுபடிப் புடவைகள் என்னிடம் நான்கு இருக்கின்றன. ஒன்றில் விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்

ஒன்று வாங்க வந்தவருக்கு இது தள்ளுபடியே இல்லை.

பில்லைக் குப்பையில் போடுவது

‘தள்ளுபடிப் பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் கடைக்காரர் இஷ்டம்தான். ஆனால் பொருளில் குறை இருந்தால் அந்த எழுத்து செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன நாட்களுக்குள், நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். அதற்குப் பில் வேண்டும். வெயிலில் எழுத்து அழிந்துபோகும் பில்தான் இப்போது எல்லா இடத்திலும்; வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

தம்பி கதைக்கு வருகிறேன். 24,000க்குள் டாப் லோடு என்று சொல்லி வந்தவன், 41,000 ரூபாய் ஃப்ரன்ட் லோடு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். “மாதம் 3,400தான் மதினி வருது” என்றாள் அவன் மனைவி. நான் விற்பனைப் பையனிடம், “தம்பி, டாப் லோடு இன்றைக்கே யூபிஐயில் கட்டினால் என்ன விலை?” என்று மட்டும் கேட்டேன். மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் 1,200 ரூபாய் குறைத்துக்கொண்டு வந்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம். என் தம்பி முகம் கடுகடுவென்று இருந்தது, வீடு வரை பேசவில்லை.

அடுத்த வாரம் அவனே போய் அந்த டாப் லோடை வாங்கிவிட்டான், மொத்தமாக யூபிஐயில். பில்லைக்கூட எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். கீழே இன்னொரு வரி இருந்தது: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அயர்ன் பாக்ஸ். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மூன்றாவது இப்போது என் வீட்டில்.