முதல் நாவலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு

விடாமுயற்சி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எத்தனை மாதம் அப்படி இருக்க முடியும்? முதல் நாவலை முடித்தவர் முதலில் ஒரு நோட்டு வாங்கவேண்டும் என்பேன். பகல் முழுக்கக் கணக்கு எழுதுகிற ஆள் வேறென்ன சொல்வான் என்று சிரித்தாலும் பரவாயில்லை.

நோட்டில் கட்டம் போடுங்கள். எந்தப் பதிப்பகம், அனுப்பிய தேதி, எத்தனையாவது வடிவம், அவர்கள் சொன்ன கெடு, வந்த பதில். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: 'அடுத்து எங்கே'. இதைப் பதில் வந்த பிறகு நிரப்பக்கூடாது. கைப்பிரதியை அனுப்புகிற அன்றே, மனசு தெளிவாக இருக்கும்போதே நிரப்பிவிடவேண்டும். நிராகரிப்பு வந்த அன்று யாருக்கும் யோசனை ஓடாது. நோட்டைத் திறந்தால் அடுத்த பெயர் இருக்கும். ஃபைலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம். ஃபைல் பெயரில் வடிவ எண்ணைப் போடுங்கள். 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்று மூன்று ஃபைல்கள் இருந்தால் எதை யாருக்கு அனுப்பினோம் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

அவர்கள் சொன்ன கெடு தாண்டினால் இரண்டே வரியில் ஒரு மெயில். கெடு எதுவும் சொல்லாவிட்டால் மூன்று மாதம் பொறுக்கலாம். நினைவூட்டுவது தொந்தரவு என்று கூச்சப்படவேண்டாம், தேதியும் தலைப்பும் இருந்தால் போதும்.

அனுப்புவதற்கு முன்னால் கதைச்சுருக்கம். ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. முடிவையும் அதில் சொல்லிவிடவேண்டும். 'முடிவை நாவலில் காண்க' என்று எழுதி வைத்த சுருக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எடிட்டருக்கு ஆர்வம் வராது, எரிச்சல்தான் வரும். கதை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தால்தானே அவர் நாவலைப் பற்றி உள்ளே பேசமுடியும்? கைப்பிரதியோடு வைக்கும் கடிதத்தில் நண்பர்கள் பாராட்டியதை எழுதவேண்டாம். ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாமா என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். அனுமதித்தால் அனுப்புங்கள், கடிதத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி பதில்கள். 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்று வருவது எல்லாருக்கும் போகிற கடிதம். அதில் உங்கள் நாவலைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அதை வரிவரியாகப் படித்து உட்பொருள் தேடுவது வீண் வேலை. தேதி போட்டு மூடிவிடுங்கள். காரணம் சொல்லி மறுக்கிற கடிதம் வேறு. 'நடுவில் வேகம் குறைகிறது', 'அண்ணன் பாத்திரம் ஏன் திரும்பி வருகிறது என்று புரியவில்லை' என்று ஒருவர் எழுதினால், அவர் அதுவரை படித்திருக்கிறார். 'அடுத்து எழுதுவதை அனுப்புங்கள்' என்று வந்தால் அது உபசார வார்த்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த எடிட்டரின் பெயரை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

காரணம் வந்தவுடனே திருத்த உட்காரவேண்டுமா? வேண்டாம். ஒருவர் சொன்னால் குறித்து வையுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் இடறினால் அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தோழி ஒருத்தியின் கைப்பிரதியை வாசித்த இருவரும் மூன்றாம் அத்தியாயம் நீளம் என்றார்கள். எடுத்துப் பார்த்தால் அது மற்றவற்றைவிடச் சிறியது. சிக்கல் பெயர்களில் இருந்தது: ஒரே கூடத்தில் சுந்தரம், சவுந்தரம், சுந்தரி மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் பேசுவது என்று தேடித் தேடி வாசித்தவர்களுக்கு அலுப்பு. சவுந்தரத்தை மாணிக்கமாக்கி, சுந்தரியைச் சமையலறைக்கு அனுப்பினாள். ஒரு பத்திகூடக் குறையவில்லை, நீளம் என்ற புகார் அதோடு போயிற்று.

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கின் முதல் நாவலான 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' எத்தனையோ இடங்களில் திரும்பி வந்த கதையை ஆறுதலுக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அதை வெளியிட்ட ஃபேபர் நிறுவனத்திலேயே முதலில் வாசித்தவர் குப்பை என்று எழுதி ஒதுக்கிவிட்டார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மாண்டித் என்ற எடிட்டர் அதை எடுத்துப் படித்தார். அணுப்போரை விவரிக்கும் தொடக்கப் பகுதியை நீக்கச் சொன்னார். கோல்டிங் நீக்கினார். தலைப்பும் மாறியது, 1954-இல் புத்தகம் வந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாசிப்பு! மறுப்பு என்பது ஒரு ஆளின் ஒரு நாள் வாசிப்பு. ஆனால் தொடக்கத்தையே வெட்டச் சொன்னபோது வெட்டினாரே, அந்தத் தைரியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காத்திருக்கும் மாதங்களில் அடுத்த நாவலைத் தொடங்கிவிடுங்கள். அனுப்பிய நாவலையே மறுபடி மறுபடி திறந்து காற்புள்ளியை மாற்றிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். நான் வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் எழுதுவேன். சில நாள் ஒரு பத்தி, சில நாள் ஒன்றுமில்லை. புது நாவலில் ஒரு ஆள் நடமாடத் தொடங்கிவிட்டால் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது தானாகக் குறையும்.

அலுத்துப்போன நேரத்தில்தான் ஒரு போன் வரும்: 'உங்கள் நாவலைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், செலவில் ஒரு பங்கு மட்டும் நீங்கள்.' உங்களிடம் பணம் கேட்பவர் அச்சிட்டுத் தருபவர். சொந்தமாக வெளியிடுவது கௌரவமான வழிதான், கணக்குப் போட்டுத் தெரிந்தே இறங்கினால். தேர்வு என்ற பெயரில் வந்தால் சரி என்று சொல்லாதீர்கள்.

நிஜமான ஒப்பந்தம் வந்தாலும் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ராயல்டி, அதாவது விற்கிற பிரதிகளுக்காக உங்களுக்கு வரும் பங்கு, எதன்மீது? அட்டை விலையில் 10 சதவீதமும் கழிவு போகப் பதிப்பகத்தின் கைக்கு வரும் நிகர வரவில் 10 சதவீதமும் ஒன்றல்ல. கடைகளுக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் இரண்டாவது கணக்கில் உங்களுக்கு அட்டை விலையில் 6 சதவீதம்தான் மிஞ்சும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாரிடம் இருக்கும், எத்தனை வருடத்துக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பி வரும் என்று கேளுங்கள். கேட்டதற்காக நல்ல பதிப்பாளர் கோபிக்கமாட்டார்.

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டதும் நோட்டை எடுத்து, பதில் வராமல் கிடக்கும் மற்ற பதிப்பகங்களுக்கெல்லாம் கைப்பிரதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றே எழுதிவிடுங்கள். அப்புறம் புரூஃப் வரும், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கத் தரும் பக்கங்கள். அந்தக் கட்டத்தில் வாக்கியங்களை அழகுபடுத்தத் தோன்றும். எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, மாறிப்போன பெயர் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பத்தியைக் கூட்டினால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் நகரும், வடிவமைத்தவர் மறுபடி உட்காரவேண்டியிருக்கும்.