பழைய டேப் பட்டியலில் இரண்டே எண்கள் இருந்தால்

பழைய யூனிக்ஸ் டேப்பில் உள்ள கோப்புகளின் பட்டியலில் கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன எண்கள் மட்டும் இருந்தால் அது எம்டி5 (கோப்பைச் சரிபார்க்க இன்று பரவலாகத் தெரிந்த நீண்ட குறியீடு) இல்லை. ‘சம்’ கட்டளையின் வெளியீடு. முதல் எண் 16 பிட் செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் எண்), இரண்டாவது பிளாக் கணக்கு, அதாவது கோப்பின் அளவு எத்தனை பிளாக் என்பது.

யூனிக்ஸின் இரு கிளைகளான பிஎஸ்டி, சிஸ்டம் ஃபைவ் ஆகியவற்றின் பெயரில் இதில் இரண்டு வகை உண்டு. லினக்ஸில் ‘சம்’ என்று மட்டும் கொடுத்தால் பிஎஸ்டி முறை (மைனஸ் ஆர்), பிளாக் 1024 பைட். மைனஸ் எஸ் சேர்த்தால் சிஸ்டம் ஃபைவ் முறை, பிளாக் 512 பைட். எது என்று தெரியாவிட்டால் பிளாக் எண்ணைப் பாருங்கள்: 10,240 பைட் கோப்புக்கு முன்னதில் 10, பின்னதில் 20 வரும். மேக்கில் இதையே ‘சிகேசம்’ கட்டளை செய்யும்: மைனஸ் ஓ 1 பிஎஸ்டி, மைனஸ் ஓ 2 சிஸ்டம் ஃபைவ்.

சிஸ்டம் ஃபைவ் முறையைப் பெரிதாக நம்ப வேண்டாம். பைட்டுகளை வெறுமனே கூட்டுவதால் வரிசை மாறினாலும் கண்டுகொள்ளாது. ஆங்கிலச் சிறிய எழுத்து ஏ, பி இரண்டையும் எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை 195தான். பிஎஸ்டி முறை ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பிட் சுழற்றுவதால் ‘ஏபி’க்கு 32914, ‘பிஏ’க்கு 00146 என்று பிரித்துக் காட்டும்.

பட்டியலில் பத்து இலக்கம் வரை நீளும் எண்ணும் பைட் அளவும் இருந்தால் அது மைனஸ் ஓ சேர்க்காத ‘சிகேசம்’ வெளியீடு. கோப்பின் நீளத்தையும் கணக்கில் சேர்ப்பது போன்ற வேறுபாடுகளால் ஜிப் காட்டும் சிஆர்சி32 என்ற செக்சம் இதோடு ஒத்துப்போகாது. கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பைட் அளவு சரியாக வரிகளின் எண்ணிக்கை அளவுக்குக் கூடியிருந்தால், யாரோ எஃப்டிபியில் (கோப்புகளை அனுப்பும் பழைய முறை) டெக்ஸ்ட் மோடில் இறக்கியிருக்கலாம்; அது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் சேர்த்துவிடும். பைனரி மோடில் மறுபடி இறக்குங்கள்.