வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார்: வயரிங் முதல் இன்வெர்ட்டரை ஓடவிடுவது வரை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட்டு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மத்திய அரசின் சூர்ய கர் மானியம் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) வேண்டுமென்றால் பதிவு பெற்ற நிறுவனம்தான் வேலையைச் செய்ய வேண்டும். அப்படித்தான் கொடுத்தோம். முதல் கனமழைக்கு மறுநாள் காலை இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. போட்டவர்களைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றோம்" என்றே ஒன்பது நாள் ஓடியது. கடைசியில், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனான என் பெரியப்பா மகன் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து, பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள டி.சி. பக்கம் முழுவதையும் அளந்து, பழுதைக் கண்டுபிடித்து, மறுபடி ஓடவிட்டோம்.

அன்று கற்றதைத்தான் எழுதுகிறேன். பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் அமைப்புக்கு இது பொருந்தும். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கும், வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்க்க நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் பயன்படும். ஸ்டாண்டு அடிப்பது, தெற்குப் பார்த்துச் சாய்ப்பது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெயில் பட்டால் அதில் மின்சாரம் இருக்கும். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் வரை டி.சி. வரும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அப்படி இல்லை, பொறி நீண்டுகொண்டே போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஏ.சி.க்கான சாதாரண எம்.சி.பி.யை (ட்ரிப் ஆகும் சுவிட்ச்) டி.சி. பக்கம் போடவும் கூடாது. டி.சி. எம்.சி.பி.யிலும் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறித்திருக்கும். அதை மாற்றிக் கொடுத்தால் அணைக்கும்போது உள்ளேயே எரிந்துவிடும்.

கருவிகள்

கனெக்டரின் உலோகப் பின்னை வயரில் அழுத்திப் பிடிக்கவைக்கும் எம்.சி.4 கிரிம்பிங் டூல் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கட்டிங் பிளையரால் நசுக்கினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சூடேறி உருகும். மல்டிமீட்டர் 1000 வோல்ட் டி.சி. வரை தாங்குவதாக இருக்கட்டும். சந்தையில் கிடைக்கும் மிக மலிவான மஞ்சள் மீட்டரை நான் வீட்டு ப்ளக் பாயிண்டில்கூட வைக்க மாட்டேன். கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டி.சி. ஆம்பியரும் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவை ஏ.சி. மட்டுமே காட்டும்.

கேபிளைக் கட்ட வெள்ளை நைலான் டை வேண்டாம். நம்மூர் வெயிலில் அது சீக்கிரமே நொறுங்கி, கேபிள் தொங்க ஆரம்பித்துவிடும். வெயில் தாங்கும் கறுப்பு டை, முடிந்தால் ஸ்டீல் டை வாங்குங்கள்.

பேனல்களை இணைப்பது

எங்களுடையது 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருக்கும் தாளில், சுமை இல்லாதபோது 49.5 வோல்ட், ஷார்ட் சர்க்யூட்டில் 13.8 ஆம்பியர் என்று இருந்தது. ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸில் செருகிக்கொண்டே போனால் ஒரு ஸ்டிரிங். கடைசியில் மிஞ்சும் இரண்டு முனையிலிருந்து 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) சோலார் கேபிள், சிவப்பும் கறுப்புமாக, கீழே டி.சி. பெட்டிக்கு இறங்கும்.

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். பேனலின் பிளஸ் வயரில் இருக்கும் கனெக்டரோடு சேர, நம் கேபிளில் அதற்கு எதிரான வகைக் கனெக்டரைப் போட வேண்டும். அதன் மேலே மைனஸ் குறி இருக்கலாம். அதைப் பார்த்துக் கறுப்பு வயரில் கிரிம்ப் செய்துவிட்டால், கீழே வரும்போது கறுப்பில் பிளஸ் வரும். வயரின் நிறத்தையோ கனெக்டரின் குறியையோ நம்பாமல், கீழே பெட்டியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சிவப்பு முனையைப் பிளஸ்ஸில் வைத்தால் மைனஸ் குறி இல்லாமல் எண் வர வேண்டும். அதற்கு முன்னால் இன்வெர்ட்டரில் எதையும் செருக வேண்டாம்.

நடுப்பகலில் அளந்தால் 297 வோல்ட் வராது, 270 பக்கம்தான் காட்டும். பயப்பட வேண்டாம். தாளில் இருக்கும் எண் 25 டிகிரிக்கானது. பேனல் சூடாகச் சூடாக வோல்ட் குறையும்.

டி.சி. பெட்டியோடு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இப்போது வரும் பெரிய பேனல்களுக்கு அது போதாது. அதிகபட்ச ஃபியூஸ் அளவு பேனல் முதுகிலேயே எழுதியிருக்கும், எங்களுடையதில் 25 ஆம்பியர்.

எர்த்துக்கு மூன்று தனித்தனிக் குழி: பேனல் ஸ்டாண்டுக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இடிதாங்கியின் பட்டையை மற்ற இரண்டோடு சேர்க்க விடாதீர்கள். ஒவ்வொரு குழியும் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

மழைக்கு மறுநாள் நடந்தது

இன்வெர்ட்டர் திரையில் சிவப்பு விளக்கு, ஐசோலேஷன் குறைவு என்ற செய்தி. எங்கோ ஓரிடத்தில் டி.சி. வயர் எர்த்தைத் தொடுகிறது என்று பொருள். பத்து மணிக்கு மேல் ஈரம் காய்ந்ததும் தானாகவே சரியாகி ஓட ஆரம்பிக்கும். அதனால்தான் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. நாங்களும் முதல் இரண்டு நாள் அப்படியே விட்டோம். இப்போது நினைத்தால் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் மாடியில் துணி காயப்போட அம்மா போய் வந்துகொண்டிருந்தார்.

ஆறு பேனலில் எந்த இடம் என்று எப்படித் தெரியும்? அண்ணன் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஈரம் காயும் முன், காலை ஏழரைக்கு, ரப்பர் கையுறையோடு ஆரம்பித்தோம். முதலில் ஏ.சி.யை அணைத்து, பிறகு டி.சி.யை அணைத்து, ஸ்டிரிங்கை இன்வெர்ட்டரிலிருந்து முழுதாகப் பிரித்தோம். பிறகு மூன்று அளவு எடுத்தோம். பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே 292 வோல்ட். பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே 195. மைனஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே 97.

ஸ்டிரிங் நன்றாக இருந்தால் எர்த்தோடு அளக்கும்போது எண் நிலைக்காது. ஏதோ காட்டி மெல்ல இறங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போகும். எங்களுக்கோ எண் அப்படியே நின்றது, இரண்டையும் கூட்டினால் மொத்த வோல்ட்டும் வந்தது. சரி, பழுது இருப்பது உறுதி. இப்போது வகுத்துப் பாருங்கள். 292ஐ ஆறால் வகுத்தால் ஒரு பேனலுக்கு ஏறக்குறைய 48.7. மைனஸ் பக்கத்திலிருந்து 97 என்றால் சரியாக இரண்டு பேனல். ஆக, மைனஸ் முனையிலிருந்து எண்ணினால் இரண்டாவது பேனலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் வயர் எர்த்தைத் தொடுகிறது. ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் முழு வோல்ட் என்று வந்திருந்தால், பூஜ்யம் காட்டிய பக்கத்தில் கீழே இறங்கும் கேபிளில் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் மாடிப்படி அறைக்கு மேலே இரண்டு பேனல், தளத்தில் நான்கு. நடுவில் ஒரு இணைப்புக் கேபிள் ஓடுகிறது. அதன் இரண்டு முனையிலும் கனெக்டர் கம்பெனியில் போட்டதல்ல, மாடியிலேயே கிரிம்ப் செய்தது. போய்ப் பார்த்தால் ஒரு கனெக்டர் ஸ்டாண்டில் கட்டப்படாமல் தளத்தில் கிடந்தது, அதைச் சுற்றித் தண்ணீர். பின்பக்கத் திருகு கையால் மட்டும் முறுக்கப்பட்டிருந்தது. அதற்கான பிளாஸ்டிக் ஸ்பேனரால் இறுக்கினால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் கேபிளைக் கவ்வும்.

மறுநாள் விடிவதற்கு முன் இரண்டு கனெக்டரையும் வெட்டி எறிந்து புதிதாகப் போட்டோம். கிரிம்ப் செய்ததும் உலோகப் பின்னை இழுத்துப் பாருங்கள். அதைக் கனெக்டருக்குள் தள்ளும்போது 'டிக்' என்று பிடிக்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி செருகினால் உட்காரும், ஆனால் பிடிப்பு சரியாக இராது. எல்லாவற்றையும் பேனல் சட்டத்தோடு சேர்த்துத் தளத்திலிருந்து உயர்த்திக் கட்டினோம். அதன்பின் எர்த்தோடு அளந்தபோது எண் நிற்கவில்லை.

ஓடவிடுவது

ஏ.சி. பெட்டியில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட், இரண்டையும் பாருங்கள். பின்னது 2, 3 வோல்ட்டுக்கு மேல் போனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஏ.சி., டி.சி. எதை முதலில் போடுவது என்பது இன்வெர்ட்டருக்கு இன்வெர்ட்டர் மாறும், கையேட்டைப் பாருங்கள். அணைக்கும்போது மட்டும் எப்போதும் ஏ.சி. முதலில். அப்போதுதான் டி.சி.யில் ஓட்டம் நின்றிருக்கும், பொறி வராது. இன்வெர்ட்டரின் கிரிட் செட்டிங்கில் நாடு இந்தியா என்று இருக்க வேண்டும். ஒரு நிமிடம்போல எண்ணிக்கொண்டிருந்துவிட்டு இணையும். வைஃபை சேரவில்லை என்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா பாருங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் நிற்கும். அது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயாமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நாம் எடுப்பதையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் இருவழி மீட்டர் வரும் முன் சோதித்துவிட்டு அணைத்து வையுங்கள். வெளியே அனுப்ப அனுமதி அப்போது இன்னும் இல்லை. தவிர, பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் வெளியே போகும் யூனிட்டையும் நாம் எடுத்ததாகவே கணக்கிடும். இரண்டு மாதம் கழித்து வரும் பில்லில்தான் அது தெரியும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டு ஒருவர், மதியம் பதினொன்று முதல் இரண்டு மணிவரை மட்டும் இன்வெர்ட்டர் விட்டுவிட்டு நிற்கிறது என்று எழுதியிருந்தார். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு 30 மீட்டர், போட்டிருந்தது 2.5 ஸ்கொயர் வயர். முழு வெயிலில் 13 ஆம்பியர் அதில் போகும்போது, போக வர 60 மீட்டருக்கு, இன்வெர்ட்டர் முனையில் ஏறக்குறைய 6 வோல்ட் கூடும். அவர் லைனில் அந்த நேரத்தில் ஏற்கெனவே 248 வோல்ட், இன்வெர்ட்டரின் எல்லை 253, அதைத் தாண்டினால் நின்றுவிடும். கேபிளை 6 ஸ்கொயராக மாற்றச் சொன்னேன், ஏற்றம் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மாற்றிய பின் நிற்பதில்லை என்று சொன்னார். புதிதாகப் போடுகிறவர்கள் இன்வெர்ட்டரை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, நீளத்தை டி.சி. பக்கம் விட்டுவிடுங்கள்.