பேக்கப் ஃபைல் பெயர் ‘.பேக்’ என்று முடிய வேண்டாம்
சர்வரில் ஒரு பிஎச்பி (தளங்களை இயக்கும் நிரல்மொழி) ஃபைலைத் திருத்தும் முன் நகல் எடுக்கிறீர்களா, ‘கான்ஃபிக்.பிஎச்பி.பேக்’ (config.php.bak) என்று பெயர் வைக்காமல் ‘கான்ஃபிக்-பழசு.பிஎச்பி’ என்று வையுங்கள், கடைசியில் பிஎச்பிதான் நிற்க வேண்டும். பிஎச்பி என்று முடிந்தால் சர்வர் அதை இயக்கிவிட்டு விளைவை மட்டும்தான் வெளியே காட்டும். ‘.பேக்’, ‘.ஓல்டு’ என்று முடிந்தால் பெரும்பாலும் சாதாரண எழுத்தாக நினைத்து அப்படியே கொடுத்துவிடும், முகவரியை ஊகித்துத் தட்டுகிற யாருக்கும் அதில் எழுதியிருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கண்ணெதிரே வந்து நிற்கும். புதுச்சேரியில் ஒரு சின்ன விடுதியின் புக்கிங் தளமாக இருந்தாலும் சரி, கடலூர் முதுநகரில் ஒரு மீன் கடையின் தளமாக இருந்தாலும் சரி, இப்படிப் பெயர்களைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஆள் பார்த்து வருவதில்லை.

தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே நகலை வைக்க முடிந்தால் அதுதான் இன்னும் நல்லது, அங்கே எந்தப் பெயரும் வைக்கலாம். ஆனால் திறந்தாலே வேலையைத் தொடங்கிவிடும் ஸ்கிரிப்டுகளுக்கு பிஎச்பி என்று முடிக்கும் வழி ஆகாது, நகலும் ஓடிவிடும். அப்புறம் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளின் செட்டிங் ஃபோல்டர்களில் நேர் எதிர்: ‘.கான்ஃப்’ என்று முடிகிற எல்லாவற்றையும் அது படித்துவிடும், அதனால் அங்கே ‘.பேக்’தான் சரி. உபுண்டு லினக்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரின் ‘சைட்ஸ்-எனேபிள்டு’ ஃபோல்டரிலோ எப்படி முடிந்தாலும் படிக்கும், அங்கே நகலே வைக்காதீர்கள்.